347 இன்னும் உள்ளேதான் இருக்கிறார்

காரைக்கால்காரர்களுக்கும் ஒரு தலைநகர் உண்டு. நான்கு மணி நேர பஸ் பயணம். நடுவில் இன்னொரு மாநிலம் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. சொந்த வீட்டுக் கூடத்துக்குப் போக அடுத்தவர் வாசல் வழியாக நடக்கிற ஜனங்கள் நாங்கள். இதில் எங்களுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. கையெழுத்து இருக்கிற இடத்துக்குக் காகிதம் போக வேண்டும், காகிதத்தின் பின்னால் மனிதன் போக வேண்டும். அவ்வளவுதான் நிர்வாகம்.

நெரவி வைத்தியலிங்கம் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் தலைநகரைப் பார்த்ததில்லை. போன ஐப்பசிக்கும் மாசிக்கும் நடுவில் ஆறு முறை போய்விட்டார். ஆறு முறையும் மியூசியம் பார்க்கத்தான். காரைக்காலில் டைல்ஸ் கடையில் லோடு இறக்குகிற ஒரு மனிதருக்கு இவ்வளவு கலை ஆர்வமா என்று கடை முதலாளியே கேட்டார். வைத்தியலிங்கத்துக்குக் கலையைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவருக்கு வேண்டியது சிவப்பு ரேஷன் அட்டை.

அவர் மனைவி தேவிகாவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு வாங்கும். மாசிக்குள் மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். பிப்ரவரி 24 என்று தேதியும் போட்டுக் கொடுத்தார். சிவப்பு அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம். இவர்களிடம் இருந்தது மஞ்சள் அட்டை. மஞ்சள் என்றால் வசதியானவர்கள் என்று அர்த்தம். அந்த வசதியை வீட்டுக்குள் எங்கே வைத்திருக்கிறோம் என்று தேவிகா ஒருநாள் தேடிப் பார்த்ததாகச் சொன்னாள்.

அட்டை ஆபீஸில் ஒரு கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, வைத்தியலிங்கம் கீழைக்கடல் நூற்பாலையில் நிரந்தரத் தொழிலாளி என்றும், நிரந்தரத் தொழிலாளிக்கு மஞ்சள்தான் என்றும் சொன்னார். மில் மூடிப் பதினாறு வருஷம் ஆகிவிட்டதே என்றார் வைத்தியலிங்கம்.

"மில்லு மூடினது எனக்கும் தெரியும். ஆனா நீங்க வெளியில வந்ததா இதுல இல்லையே. வேலையிலேருந்து விடுவிச்ச லெட்டர் கொண்டாங்க, மாத்திடலாம்."

நியாயமான பேச்சுதான். லெட்டரை யார் தருவார்கள் என்பதுதான் கேள்வி. முதலாளி குடும்பம் எங்கேயோ போய்விட்டது. மில்லின் கட்டடம் கருவைக்காடாகிவிட்டது. ஆனால் மில்லுக்குள் இருந்த சகலமும், காகிதம் உட்பட, தலைநகரின் தொழிற்பாரம்பரிய இயக்ககத்தின் பொறுப்பில் இருப்பதாகத் தெரிந்தது. காரைக்காலில் மில் இருக்கலாம். அதற்குப் பாரம்பரியம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தலைநகரில்தான் வைக்க வேண்டும்.

முதல் முறை போன நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கடலையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஸ் ஏறினார்.

இரண்டாம் முறை போனபோதுதான் விஷயம் முழுதாக விளங்கியது. ஒரே மில்லை மூன்று மியூசியமாக வைத்திருந்தார்கள். நேரப் பாரம்பரியக் காட்சியகம், ஒலிப் பாரம்பரியக் காட்சியகம், வாயிற் பாரம்பரியக் காட்சியகம். மில்லைக் கொண்டுவந்த வருஷம் மூன்று அதிகாரிகளுக்கு ஒரே சமயத்தில் பதவி உயர்வு வந்துவிட்டது. மூன்று பேருக்கு மூன்று நாற்காலி வேண்டாமா? டைம் ஆபீஸ் ஒருவருக்கு, சங்கு ஒருவருக்கு, கேட் ஒருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். புகைபோக்கியும் வந்திருக்கிறது. அடுத்த பதவி உயர்வுக்காக அது ஷெட்டில் படுத்திருக்கிறது.

நேரப் பாரம்பரியத்தில் டிக்கெட் கவுன்டரில் சஜிதா என்றொரு பெண் இருந்தாள். தன் பெயர் வைத்தியலிங்கம், டோக்கன் நம்பர் 347 என்று சொல்லி, வந்த காரியத்தை அவர் சொன்னார். அவள் நல்ல பெண். முகம் சுளிக்காமல்தான் பதில் சொன்னாள்.

"347 உள்ளதாங்க இருக்காரு. டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாருங்க."

டிக்கெட் வாங்கினார். செருப்பின் மேல் மாட்டிக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு நடந்தார்.

பெரிய ஹாலில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மரப்பலகைகள். டைம் ஆபீஸ் பலகைகள். ஒன்றின் தலையில் 'உள்ளே' என்றும் இன்னொன்றின் தலையில் 'வெளியே' என்றும் பழைய பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தது. மில்லில் ஒவ்வொருவருக்கும் நம்பர் வெட்டிய பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. ஷிப்டுக்கு வரும்போது வெளியே பலகையிலிருந்து எடுத்து உள்ளே பலகையில் மாட்ட வேண்டும். சங்கு ஊதியதும் அதை எடுத்து வெளியே பலகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பத்தொன்பது வருஷம் வைத்தியலிங்கம் செய்த காரியம். இப்போது வெளியே பலகை முழுக்க டோக்கன்கள் நெருக்கியடித்துத் தொங்கின. உள்ளே பலகையில் ஒன்றே ஒன்று தொங்கியது. அதன்மேல் தனியாக ஒரு விளக்கு எரிந்தது.

காதுக்குள் ஒரு கனத்த குரல் பேசியது. "மில் மூடிய அன்று எல்லோரும் வெளியேறினார்கள். ஒரே ஒருவர் மட்டும் வெளியேறவில்லை. தன் இயந்திரத்தைப் பிரிய மனமில்லாத அந்தக் கடைசித் தொழிலாளி, எண் 347. அமைதியான வேளைகளில் இந்த ஹாலில் அவருடைய காலடி ஓசை கேட்பதாகக் காவலர்கள் சொல்கிறார்கள்."

வைத்தியலிங்கம் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்ததால் ஓசை ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு நடந்தது வேறு. இரண்டாம் ஷிப்டில் நூல் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, தேவிகாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று செய்தி வந்தது. கேட்டில் முதலாளி தரப்பும் யூனியனும் போலீசும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றன. டைம் ஆபீஸில் இருந்த அல்லா பிச்சை, "நீ பஞ்சு குடோன் பக்கமா ஓடு, டோக்கனை நான் மாத்திக்கிறேன்" என்று சொன்னார். ஓடினார். மகள் பிறந்தாள். மறுநாள் காலையில் கேட்டில் பூட்டுத் தொங்கியது, டோக்கனை யாரும் மாற்றியிருக்கவில்லை. மில்லே போன பிறகு டோக்கனை யார் நினைப்பார்கள்? அந்தக் குழந்தை இப்போது பிளஸ் ஒன் படிக்கிறது.

நேரப் பாரம்பரியத்தின் இயக்குநர் ஹரிஹரன் வைத்தியலிங்கத்தை நல்ல மரியாதையோடு உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். விவரத்தைக் கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு சோகம் படர்ந்தது. தேவிகாவின் வால்வுக்காகத்தான் என்று வைத்தியலிங்கம் நினைத்துக்கொண்டார்.

"ஐயா, உங்க கஷ்டம் புரியுது. நீங்க கொஞ்சம் என் கஷ்டத்தைப் பாருங்க. இங்க வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் அந்த ஒரு டோக்கனைப் பாக்கத்தான் வர்றாங்க. நீங்க பாட்டுக்கு வெளியில போயிட்டீங்கன்னா எனக்கு ரெண்டு பலகைதான் மிஞ்சும். மில்லைக் காப்பாத்தத் தெரியலைன்னு அரசாங்கத்தைப் பேசுறாங்க. நாங்க காப்பாத்தலையா? ஓடுனப்ப மாசாமாசம் சம்பளம் ஒழுங்கா வந்துச்சா உங்களுக்கு? இப்ப அதே மில்லு நாப்பத்தோரு பேருக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் குடுக்குது. ஓடாத மில்லைத்தாங்க ஒழுங்கா நடத்த முடியும். அந்தப் பலகையில தூசி பாத்தீங்களா? நாங்க துடைக்கிறதில்ல. ஒரிஜினல் தூசி."

வைத்தியலிங்கம் டீயைக் குடித்து முடித்தார். லெட்டர் கிடைக்குமா என்று மறுபடியும் கேட்டார்.

கிடைக்காது என்று ஹரிஹரன் சொல்லவில்லை. அதிகாரிகள் அப்படிச் சொல்வதில்லை. மில்லின் நிலையாணைப்படி சங்கு ஊதிய பிறகு, கேட் வழியாக வெளியே போனவரைத்தான் போனவராகக் கருத முடியும் என்றார். சங்கு ஊதியதற்கு ஒலிப் பாரம்பரியத்திலும், கேட்டைத் தாண்டியதற்கு வாயிற் பாரம்பரியத்திலும் சான்று வாங்கி வந்தால், கமிட்டியில் வைத்துப் பார்க்கலாம்.

இதற்கிடையில் தேவிகா குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கும் குழாய்க்கும் நாற்பது அடி. நாற்பது அடியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மகள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். வைத்தியலிங்கத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரவில்லை. கையில் அடிபட்ட உடனே வலி தெரியாமல் இருக்குமே, அப்படி அவருக்கு உடம்பு முழுக்க இருந்தது.

மூன்றாம் முறை ஒலிப் பாரம்பரியம். மேடைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் மில் சங்கு. நெரவிக்கும் காரைக்காலுக்கும் நடுவில் உள்ள அத்தனை ஊரும் அதைக் கேட்டுத்தான் ஒரு காலத்தில் உலை வைத்தது. பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது, 'அழுத்திக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தது. அழுத்தினார். "இப்போது சங்கு ஒலிக்கிறது" என்று ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது. கொஞ்சம் பொறுத்து, "இப்போது சங்கு நின்றுவிட்டது" என்றது.

அக்கம்பக்கத்தில் ஓட்டல்கள் இருப்பதால் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு, அதனால் இந்த ஏற்பாடு என்று அங்கிருந்த இயக்குநர் விளக்கினார். சத்தம் இல்லாமலே ஒலியை உணர்த்துவதில் நாட்டிலேயே தாங்கள்தான் முன்னோடி என்றும், அதற்கு ஒரு விருது வந்திருக்கிறது என்றும் சுவரைக் காட்டினார். சான்றிதழை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். 'சங்கு ஒலித்ததாக அறிவிக்கப்பட்டது' என்று அதில் இருந்தது. மூன்று காட்சியகத்திலும் உருப்படியாக வேலை நடந்த இடம் இது ஒன்றுதான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

நான்காம் முறை வாயிற் பாரம்பரியம். ஒரு புல்தரையின் நடுவில் மில் கேட் தனியாக நின்றது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது, வேலி கிடையாது. கேட் பூட்டியிருந்தது. ஜனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் நின்று போட்டோ எடுத்தார்கள். திறந்துவிட்டால் தாண்டி வந்துவிடுகிறேன் என்று வைத்தியலிங்கம் கேட்டார். சாவி நேரப் பாரம்பரியத்தில் காட்சிப்பொருளாக இருப்பதாகச் சொன்னார்கள். சாவி வந்தாலும் சிக்கல் தீராது. லாரியில் ஏற்றியபோது எந்தப் பக்கம் உள்பக்கம் என்று யாரும் அடையாளம் போடவில்லை. உள்ளே எது என்று தெரியாமல் ஒருவரை எப்படி வெளியே அனுப்புவது? அதைத் தீர்மானிக்க ஒரு கமிட்டி இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

வைத்தியலிங்கம் கேட்டைச் சுற்றி வந்து ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இதாங்க உள்பக்கம். பஞ்சு லாரி ரிவர்ஸ்ல வந்து இடிச்ச நெளிசல் இது. நான் பாத்துக்கிட்டு இருக்கச்சயே இடிச்சான்."

அதிகாரி மகிழ்ந்துபோனார். இது அரிய தகவல் என்றார். ஆனால் தொழிலாளி வாயால் சொல்வது வாய்மொழி வரலாறு, அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடவில்லை என்றும் சொன்னார்.

மார்கழி முடிகிற நேரத்தில், பதினான்கு வருஷம் சார்ஜாவில் இருந்துவிட்டுத் திரும்பிய அல்லா பிச்சையைத் தேடித் திருமலைராயன்பட்டினத்துக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அல்லா பிச்சை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"லிங்கம், நான்தான் மாத்துறேன்னேன். அன்னைக்கி நடந்த தள்ளுமுள்ளுல மறந்துட்டேன். மாப்பு செஞ்சிடுப்பா. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன். நாளைக்கி மறுமையில, மஹ்ஷர்ல நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்லப்போறேன்."

நாலு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஐந்தாம் முறை அந்தக் கடிதத்தோடு ஹரிஹரனைப் பார்த்தார் வைத்தியலிங்கம். ஹரிஹரன் இரண்டு முறை படித்தார். பிறகு கடிதத்தை மடித்து, மிக அன்பாக, அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.

"இதை நான் வாங்கிக்கிட்டா, ஒருத்தர் மறந்துட்டாருன்னு ஆயிடும். மறதியைப் பாக்க யாருங்க டிக்கெட் வாங்குவா?"

கமிட்டி பங்குனியில் கூடும் என்றார். ஆபரேஷன் மாசியில் என்றார் வைத்தியலிங்கம். அது மருத்துவத் துறை சம்பந்தப்பட்ட விஷயம் என்றார் ஹரிஹரன்.

ஆறாம் முறை பிப்ரவரி 18. ஏன் போனார் என்று பிற்பாடு அவருக்கே சொல்லத் தெரியவில்லை. யாரையும் பார்க்கப் போகவில்லை, காகிதம் எதுவும் எடுத்துப் போகவில்லை. டிக்கெட் வாங்கினார், கால் உறையை மாட்டினார், காதுக் கருவியை மாட்டினார். ஹாலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லார் காதிலும் அந்தக் கனத்த குரல், எல்லார் முகத்திலும் பயபக்தி. காவலரும் அங்கேதான் இருந்தார், காலடி ஓசை கேட்பதாகச் சொன்ன அதே காவலர், போனில் மூழ்கியிருந்தார். கேமரா ஒன்று இருந்தது. அது நன்கொடை உண்டியலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

வைத்தியலிங்கம் கயிற்றுக்கு மேலே கையை நீட்டினார். உள்ளே பலகையிலிருந்து டோக்கனை எடுத்தார். வெளியே பலகையில், 346-க்கும் 348-க்கும் நடுவில் காலியாக இருந்த ஆணியில் மாட்டினார். மூன்று விநாடி ஆகியிருக்கும். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற எந்த நாளிலும் செய்ததுபோலத்தான் செய்தார். பித்தளை ஆணியில் மோதி 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த மூன்று மியூசியத்திலும் அவர் கேட்ட முதல் நிஜச் சத்தம் அது. பிள்ளைகள் யாருக்கும் கேட்கவில்லை, காதில் கருவி இருந்தது.

வாசலில் சஜிதா கருத்துப் புத்தகத்தை நீட்டினாள். ஏதாவது எழுதிவிட்டுப் போகச் சொன்னாள். எழுதினார்: 'வே. வைத்தியலிங்கம். டோக்கன் 347. வீட்டுக்குப் போகிறேன். 18.2.' பஸ்ஸில் காரைக்கால் வரைக்கும் நன்றாகத் தூங்கினார். வருஷக்கணக்கில் அப்படித் தூங்கியதில்லை.

இதற்குப் பிறகு நடந்த வேகத்தை அரசாங்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் ஹரிஹரன் பலகையைப் பார்த்தார். போலீசைக் கூப்பிடவா, பத்திரிகையைக் கூப்பிடவா என்று கால் மணி நேரம் யோசித்துவிட்டுப் பத்திரிகையைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் புதிய அறிவிப்புப் பலகை வந்துவிட்டது: 'பதினாறு ஆண்டுகள் இமைக்காமல் பணியாற்றிய கடைசித் தொழிலாளி பிப்ரவரி 18 அன்று விடைபெற்றார். ஆதாரம்: பார்வையாளர் கருத்துப் புத்தகம், பக்கம் 212.' காதுக் கருவியில் கனத்த குரல் இன்னும் கொஞ்சம் கனத்தது. கூட்டம் இரண்டு மடங்கானது.

மூன்றாம் நாளே வைத்தியலிங்கம் வீட்டுக்கு விடுவிப்புக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. முத்திரை, கையெழுத்து, அரசுச் சின்னம், எதிலும் குறை இல்லை. தொடர்ந்து பதினாறு ஆண்டுகள் பணியிடத்தை விட்டு அகலாமல் இருந்ததற்குப் பாராட்டு என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. அதைத் தேவிகாவிடம் காட்டியபோது வைத்தியலிங்கத்தின் முகத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பு என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டை ஆபீஸ் கிளார்க் கடிதத்தை மேலிருந்து கீழே படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான லெட்டரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பிறகு தேதியில் விரலை வைத்தார்.

"பதினெட்டாந்தேதி வரைக்கும் வேலையில இருந்திருக்கீங்க. இதுலயே போட்டிருக்கு பாருங்க. வேலைய விட்டு ஒரு வருஷம் ஆனாத்தாங்க சிவப்பு அட்டைக்கு எழுத முடியும். அடுத்த மாசியில வாங்க."

வைத்தியலிங்கம் கடிதத்தை வாங்கி மடித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். நகர்ந்தார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். 24-ஆம் தேதியை வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டார்கள். அட்டை வந்த பிறகு புதுத் தேதி போட்டுத் தருவதாக அங்கேயும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்தக் கதையில் மரியாதை இல்லாமல் பேசியவர்கள் யாருமே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தேவிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். வைத்தியலிங்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு, அடுத்த மாசி என்று மட்டும் சொன்னார். அவள் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. மில் ஓடிய காலத்தில் இரண்டாம் ஷிப்டு முடிந்து வருகிறவரைப் பார்ப்பாளே, அதே மாதிரி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் என்னோட டோக்கன் உள்ளேயே" என்று சொல்லி நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

"தொங்கட்டும்."